வெப்சைட்டிலும் பில்லிலும் சட்டப்படி என்னென்ன போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பொடிக்கடை_ஈரோடு

எல்லோருக்கும் வணக்கம். ஈரோட்டில் பருப்புப் பொடி, இட்லிப் பொடி, ஊறுகாய் எல்லாம் செய்து விற்கிறேன். மூன்று வருடமாக வீட்டு முன்னறைதான் கடை. என் பெயரிலேயே ப்ரொப்ரைட்டர்ஷிப், ஜிஎஸ்டியில் கம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித் திட்டம்).

போன மாதம் அக்கா பையன் ஒரு வெப்சைட் போட்டுக் கொடுத்தான். படமெல்லாம் நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஆன்லைனில் பணம் வாங்க பேமெண்ட் கேட்வேக்கு விண்ணப்பித்தால் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை, முகவரி இல்லை, ரீஃபண்ட் பாலிசி இல்லை என்றார்கள். பையன் உடனே வேறு ஏதோ ஒரு சைட்டிலிருந்து அந்தப் பக்கங்களை அப்படியே எடுத்து ஒட்டிவிட்டான். இரண்டாவது தடவையும் திரும்பி வந்த பிறகுதான் நான் உட்கார்ந்து படித்தேன். ஊறுகாய்க் கடையின் ரீஃபண்ட் பக்கத்தில் "சேலையின் நிறம் படத்தில் உள்ளதைவிடச் சற்று மாறுபடலாம்" என்று இருக்கிறது! வழக்கு என்று வந்தால் டெல்லி நீதிமன்றமாம். அடியில் யாரோ ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பதிவு எண் வேறு.

என் கேள்வி இதுதான். வெப்சைட்டில் சட்டப்படி எதெல்லாம் கட்டாயம்? வீட்டு முகவரி போட்டே ஆக வேண்டுமா? ஜிஎஸ்டி எண்? பில்லில் "விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருக்கிறேன், அதை வெப்சைட்டிலும் போடலாமா?

மொத்த_வியாபாரி

மேடம், இதற்கெல்லாம் இவ்வளவு யோசிக்காதீர்கள். 22 வருடமாக வியாபாரம் செய்கிறேன், என் பில்லில் கடைப் பெயரும் போன் நம்பரும்தான் இருக்கும், இதுவரை ஒருவரும் வந்து கேட்டதில்லை. கேட்வேக்காரர்களுக்கு வேண்டியதைப் போட்டுவிட்டு பொடியை இடியுங்கள்.

சைட்_கட்டுபவன்

அண்ணே, கடைக்கு அது ஓடும், ஆன்லைனுக்கு ஓடாது.

அக்கா, மாதம் நான்கைந்து கடைகளுக்கு இதே வேலை செய்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். கேட்வே முதலில் பார்ப்பது வெப்சைட்டில் உள்ள பெயர் உங்கள் பான், வங்கிக் கணக்குப் பெயரோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பிராண்ட் பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் எங்காவது "இந்தத் தளத்தை நடத்துபவர் இன்னார், ப்ரொப்ரைட்டர்" என்று ஒரு வரி இருக்க வேண்டும். அப்புறம் தொடர்பு, ஷிப்பிங், ரீஃபண்ட், தனியுரிமை, விதிமுறைகள் என்று ஐந்து பக்கம். தனியுரிமைப் பக்கம் என்றதும் பயந்து போய் எல்லோரும் காப்பி அடிக்கிறார்கள். அதில் நீங்கள் சொல்ல வேண்டியது, வாடிக்கையாளரின் போன் எண்ணும் முகவரியும் எதற்காக வாங்குகிறீர்கள், கூரியர், கேட்வே தவிர வேறு யாருக்குக் கொடுக்கிறீர்கள், இவ்வளவுதான். நாலு வரியில் தமிழிலேயே எழுதலாம்.

அந்தக் கம்பெனி பதிவு எண்ணை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அது அடுத்தவர் ஆதார் எண்ணை நாம் போட்டுக்கொள்வது மாதிரி.

வரிக்கணக்கு_கோவை

நான் ஜிஎஸ்டி ப்ராக்டிஷனர். வெப்சைட் அடியில் என்ன போடுவது என்பதை அப்புறம் பேசலாம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள் அம்மா: வெப்சைட்டில் எந்தெந்த ஊருக்கு அனுப்புவதாகப் போட்டிருக்கிறீர்கள்?

பொடிக்கடை_ஈரோடு

இந்தியா முழுவதும் சார். பெங்களூருக்கு ஏற்கெனவே 11 பார்சல் போயிருக்கிறது, எல்லாம் வாட்ஸ்அப் ஆர்டர். ஏன் கேட்கிறீர்கள்?

வரிக்கணக்கு_கோவை

அங்கேதான் பிரச்சினை. கம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. ஜிஎஸ்டி சட்டம் பிரிவு 10(2) அதைத் தெளிவாகச் சொல்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வாங்கலாம், விற்கக் கூடாது. ஒரு பார்சல் போனாலும் அன்றோடு கம்போசிஷன் தகுதி போயிற்று என்றுதான் கணக்கு. "இந்தியா முழுவதும் டெலிவரி" என்று வெப்சைட்டிலேயே எழுதி வைத்திருப்பது நீங்களே கையெழுத்துப் போட்டு வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

இன்னொன்று. உங்கள் பில் புத்தகத்தில் தலைப்பு என்ன போட்டிருக்கிறது, பாருங்கள்.

பொடிக்கடை_ஈரோடு

"டாக்ஸ் இன்வாய்ஸ்" என்று இருக்கிறது சார். பிரஸ்காரர் எல்லோருக்கும் அப்படித்தான் அடிப்பதாகச் சொன்னார். வயிற்றைக் கலக்குகிறது.

வரிக்கணக்கு_கோவை

பயப்படாதீர்கள், பாதிப் பேர் பில் அப்படித்தான் இருக்கிறது. கம்போசிஷன்காரர் கொடுப்பது "பில் ஆஃப் சப்ளை". அதன் உச்சியில் "கம்போசிஷன் டாக்ஸபிள் பெர்சன், நாட் எலிஜிபிள் டு கலெக்ட் டாக்ஸ் ஆன் சப்ளைஸ்" என்ற வாசகம் கட்டாயம். கடை போர்டிலும் கம்போசிஷன் என்று தெரிய வேண்டும். வரிக்கென்று தனிப் பத்தியே பில்லில் இருக்கக் கூடாது. வாடிக்கையாளரிடம் வரி வாங்க உங்களுக்கு உரிமையே இல்லை, 1 சதவீதத்தை உங்கள் கையிலிருந்துதான் கட்டுகிறீர்கள்.

இப்போது உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, இனி தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, பின்னால் மறுபடி கம்போசிஷனுக்குப் போவது. இரண்டு, சாதாரண டீலராகவே இருந்துவிடுவது. எதுவானாலும் முதலில் சிஎம்பி-04 படிவம் போட்டுக் கம்போசிஷனிலிருந்து வெளியே வர வேண்டும். தகுதி போன நாளிலிருந்து 7 நாளுக்குள் அதைப் போட வேண்டும். கையில் இருக்கும் சரக்குக்கு உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டிய வரியை) எடுத்துக்கொள்ள ஐடிசி-01 படிவம், அதற்கு 30 நாள். ஏற்கெனவே போன அந்த 11 பார்சல் விஷயத்தை மறைக்க வேண்டாம், முதல் வழிதான் என்றாலும் அது இருக்கிறது. எந்தத் தேதியில் முதல் பார்சல் போனது என்று பார்த்து, வித்தியாச வரியை வட்டியோடு டிஆர்சி-03 படிவத்தில் நீங்களே கட்டிவிடுவது நல்லது. நோட்டீஸ் வந்த பிறகு கட்டினால் அபராதமும் சேரலாம். உள்ளூர் ஆடிட்டரிடம் பில் புத்தகத்தோடு போய் உட்காருங்கள், இதை இங்கே எழுதித் தீர்க்க முடியாது.

சைட்_கட்டுபவன்

தமிழ்நாட்டுக்குள் மட்டும் என்றால் பின்கோடு வைத்துத் தடுத்துவிடலாம் சார், 60 முதல் 64 வரை தொடங்குவதை மட்டும் அனுமதித்தால் முடிந்தது. அரை மணி நேர வேலை.

வரிக்கணக்கு_கோவை

தம்பி, 605001 எந்த ஊர்?

சைட்_கட்டுபவன்

ஐயோ, புதுச்சேரி!

வரிக்கணக்கு_கோவை

ஆமாம். ஜிஎஸ்டி மாநில எண் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. விழுப்புரம் பக்கத்துக்கும் 605-தான், புதுச்சேரிக்கும் 605-தான். காரைக்கால் 609-ல் மயிலாடுதுறையோடு கலந்து கிடக்கிறது. முதல் இரண்டு இலக்கத்தைப் பார்த்து விட்டால் பக்கத்து ஊர்க்காரருக்கு ஊறுகாய் அனுப்பிவிட்டு வெளிமாநில விற்பனையில் மாட்டுவீர்கள். ஆறு இலக்கமும் பார்க்க வேண்டும், மாநிலத்தையும் வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கிற மாதிரி வைக்க வேண்டும்.

கொலுசு_இன்ஸ்டா

குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு ஜிஎஸ்டியே இல்லை, இன்ஸ்டாகிராமில் ஃபேன்சி நகை விற்கிறேன், வருடம் 6 லட்சம்கூட வராது. 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்றார்களே?

வரிக்கணக்கு_கோவை

அந்த 40 லட்சம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு. வெளிமாநிலத்துக்கு அனுப்பினால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும், பிரிவு 24. கைவினைப் பொருளுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, மெஷினில் செய்த ஃபேன்சி நகை அதில் வராது. பதிவு இல்லாத வரை பில்லில் ஜிஎஸ்டி என்ற சொல்லையே எழுதாதீர்கள். "ஜிஎஸ்டி தனி" என்று போட்டு 3 சதவீதம் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நேரடிக் குற்றம்.

பின்னலாடை_திருப்பூர்

கம்பெனி பதிவு எண் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்கிறேன். எங்களுடையது பிரைவேட் லிமிடெட், சின்ன யூனிட்தான், 14 பேர். 2013 கம்பெனிகள் சட்டம் பிரிவு 12 படி கம்பெனிப் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 எழுத்துள்ள சிஐஎன் எண் (கம்பெனிப் பதிவு எண்), போன், மின்னஞ்சல், வெப்சைட் இருந்தால் அதுவும், இவ்வளவும் பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் அச்சாக வேண்டும். தவறினால் நாளைக்கு 1,000 ரூபாய், 1 லட்சம் வரை. கம்பெனிக்கு மட்டுமல்ல, பொறுப்பான டைரக்டருக்கும் தனியாக.

எங்களுக்கு லெட்டர்ஹெட்டில் எல்லாம் சரியாக இருந்தது. வெப்சைட்டில் "எங்களைத் தொடர்புகொள்ள" என்ற பக்கத்தில் போட்டிருந்தோம். புதிதாக வந்த கம்பெனி செக்ரட்டரி அது போதாது என்றார். இன்கார்ப்பரேஷன் விதி 26 என்று ஒன்று, முகப்புப் பக்கத்திலேயே போடச் சொல்கிறதாம், கூடவே குறை சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று ஒரு ஆளின் பெயரும். இப்போது அடியில் சின்ன எழுத்தில் எல்லாப் பக்கத்திலும் வருகிற மாதிரி செய்துவிட்டோம்.

கம்பெனிப் பெயரை மாற்றினால் இரண்டு வருடத்துக்குப் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். ஓபிசி என்றால் பெயருக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் "ஒன் பர்சன் கம்பெனி". எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) வைத்திருப்பவர்கள் பதிவு எண்ணோடு "லிமிடெட் லயபிலிட்டியோடு பதிவு செய்யப்பட்டது" என்ற வரியையும் பில்லில் போட வேண்டும், என் மைத்துனர் எல்எல்பியில் அது இன்றுவரை இல்லை, சொன்னால் சிரிக்கிறார். பொடிக்கடை அக்காவுக்கு இது எதுவும் கிடையாது, ப்ரொப்ரைட்டருக்கு சிஐஎன்னே இல்லை.

மொத்த_வியாபாரி

பார்த்தீர்களா, ஒரு ஊறுகாய் விற்க எத்தனை சட்டம்.

சோப்பு_அம்மா

வீட்டு முகவரி பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நானும் வீட்டில்தான் சோப்பு செய்கிறேன், கணவர் வெளிநாட்டில், நானும் மகளும் மட்டும். வெப்சைட்டில் முழு முகவரி போட்ட இரண்டாவது வாரம் ஒரு ஆள் இரவு ஒன்பது மணிக்குக் கேட்டைத் தட்டி "ஆன்லைனில் பார்த்தேன், நேரில் வாங்கலாமா" என்கிறார். நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் அன்றைக்கு இரவு தூக்கம் போயிற்று. மறுநாளே முகவரியை எடுத்துவிட்டு ஊர் பெயரை மட்டும் வைத்தேன். இது தப்பா?

நுகர்வோர்_நண்பன்

சகோதரி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் சட்டம் முகவரியைக் கேட்கத்தான் செய்கிறது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு இ-காமர்ஸ் விதிகள், தொடர்ந்து ஆன்லைனில் விற்கும் எல்லோரும் சட்டப்படியான பெயர், தலைமை இடத்தின் முகவரி, மின்னஞ்சல், போன், குறைதீர் அலுவலரின் பெயர், பதவி, தொடர்பு எண் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்கின்றன. எப்போதோ ஒரு தடவை பழைய பீரோவை விற்பவருக்குத்தான் விலக்கு. அதோடு நீங்கள் சோப்பின் உறையில் தயாரிப்பாளர் முகவரி போட்டுத்தானே ஆக வேண்டும், பார்சல் வாங்கிய எல்லோர் கையிலும் அது இருக்கிறது.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்தில் ஒரு சின்ன அறையையோ தெரிந்தவர் கடையில் ஒரு மூலையையோ வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தம் போட்டு, ஜிஎஸ்டியிலும் அதையே முதன்மை இடமாக மாற்றிக்கொண்டு, பேக்கிங்கையும் அங்கேயே வைத்துக்கொண்டு, அந்த முகவரியை எல்லா இடத்திலும் போடலாம். போனுக்குத் தனி சிம். "நேரில் விற்பனை இல்லை, கூரியர் மட்டும்" என்று முகவரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

குறைதீர் அலுவலர் என்றால் ஆளை வேலைக்கு வைக்க வேண்டியதில்லை, ஒற்றை ஆள் கடையில் நீங்களேதான் அது. புகார் வந்தால் 48 மணி நேரத்தில் "கிடைத்தது" என்று பதில், ஒரு மாதத்துக்குள் தீர்வு.

பொடிக்கடை அம்மா, "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்ற வரியை இரண்டு இடத்திலும் எடுத்துவிடுங்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் நீங்கள் ஒரு காலக்கெடு போட்டால் அதற்குள், எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே கெடு வைத்துவிடுகிறது. உணவுப் பொருள் என்பதால் "உடைந்தோ, கெட்டுப்போயோ, தவறான பொருளாகவோ வந்தால் கிடைத்த இத்தனை நாளுக்குள் படத்தோடு தெரிவிக்கவும், பணம் திருப்பித் தரப்படும்" என்று போட்டுக்கொள்ளுங்கள். ருசி பிடிக்கவில்லை என்று பாதி ஜாடியைத் தின்றுவிட்டுத் திருப்பி அனுப்புவதைச் சட்டம் ஏற்கச் சொல்லவில்லை.

பொடிக்கடை_ஈரோடு

அந்த வரி என் மாமனார் மளிகைக் கடை வைத்திருந்த காலத்திலிருந்து வருகிறது. பிரஸ்காரரிடம் எடுக்கச் சொன்னால் "அது இல்லாமல் பில்லா?" என்பார்.

சைட்_கட்டுபவன்

ஒவ்வொரு பொருளின் பக்கத்திலும் சிலது வர வேண்டும் அக்கா. பாக்கெட் பின்புறத்தில் இருப்பதில் தயாரித்த மாதம், வருடம் தவிர மற்றதெல்லாம் வெப்சைட்டிலும் தெரிய வேண்டும், எடையளவுச் சட்டத்தின் பாக்கெட் பொருள் விதிகளில் 2018 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பொருளின் பெயர், நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த எம்ஆர்பி, தயாரிப்பாளர் பெயர், முகவரி, வாடிக்கையாளர் எண். பின்பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் போதும் என்று சிலர் விடுகிறார்கள், மொபைலில் அது எறும்பு ஊர்வது மாதிரி தெரியும். எழுத்தாகவே போடுங்கள்.

டெலிவரி கட்டணத்தைக் கடைசிப் பக்கத்தில் திடீரென்று காட்டாதீர்கள், மொத்தத் தொகையும் அதன் பிரிவும் தெரிய வேண்டும். ஏற்கெனவே டிக் போட்ட பெட்டியும் கூடாது.

வரிக்கணக்கு_கோவை

உணவு வியாபாரம் என்பதால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிம) எண் பில்லிலும் வேண்டும், 2022 ஜனவரி 1 முதல். இதைப் பெரும்பாலோர் பாக்கெட்டோடு விட்டுவிடுகிறார்கள்.

சாதாரண டீலரான பிறகு இன்வாய்ஸில் என்ன இருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி 46. உங்கள் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண், தேதி, பொருள், அளவு, வரிக்கு முந்தைய மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை, வெளிமாநிலம் என்றால் அந்த மாநிலத்தின் பெயர், கையெழுத்து. வருட விற்பனை 5 கோடிக்குள் இருப்பவர் கடைக்காரருக்கு விற்கும்போது நான்கு இலக்க எச்எஸ்என் (பொருளின் வகையைக் குறிக்கும் எண்), வீட்டு வாடிக்கையாளருக்கு அது விருப்பம். ஊறுகாய்க்குப் பழைய டெம்ப்ளேட்டில் 12 சதவீதம் இருந்தால் மாற்றுங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 5.

கையெழுத்து பற்றி எல்லோரும் கேட்பார்கள். மின்னணு முறையில் அனுப்பும் இன்வாய்ஸுக்குக் கையெழுத்து வேண்டாம் என்று விதியே சொல்கிறது. அச்செடுத்துப் பார்சலில் வைப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது, "கணினியில் உருவானது" என்ற வரியை நம்பாமல் ஒரு கையெழுத்தைப் போட்டுவிடுங்கள்.

பின்னலாடை_திருப்பூர்

பில் எண்ணையும் சொல்லுங்கள் சார். எங்களிடம் வாங்கும் ஒரு கடை ஒரு மாதப் பில்லையும் திருப்பிவிட்டது. கம்பெனிச் சுருக்கம் நான்கெழுத்து, ஊர் மூன்றெழுத்து, அப்புறம் 2024-25, கடைசியில் மூன்று இலக்கம், நடுவில் மூன்று சாய்வுக்கோடு, எண்ணிப் பார்த்தால் 20. சட்டத்தில் 16-க்கு மேல் போகக் கூடாது, கோடும் கணக்கில் சேர்த்தி. பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன், அத்தனையையும் மறுபடி போட்டு, ரிட்டர்னையும் திருத்தி, இரண்டு நாள் போயிற்று.

சட்டத்தில் இல்லாத ஒன்றும் சொல்கிறேன். உத்யம் (சிறு தொழில் பதிவு) எண்ணைப் பில்லில் போடுங்கள், கட்டாயம் இல்லை, ஆனால் போட்டால் பணம் சீக்கிரம் வருகிறது. வாங்கியவர் கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) கொடுக்காமல் நிதியாண்டு முடிவிலும் பாக்கி வைத்திருந்தால் அந்தச் செலவை அந்த வருட வருமான வரிக் கணக்கில் அவரால் காட்ட முடியாது. அக்கா தயாரிப்பாளர், அதனால் பொருந்தும். வாங்கி விற்கும் நம் மொத்த வியாபாரி அண்ணனுக்குப் பொருந்தாது.

மொத்த_வியாபாரி

எனக்கு மட்டும் எதுவும் பொருந்தாது, தெரிந்ததுதானே. சரி, இன்றைக்கு என் பில்லை எடுத்துப் பார்த்தேன். ஜிஎஸ்டி எண்ணில் ஒரு எழுத்து தப்பாக அச்சாகியிருக்கிறது. மூன்று வருடமாக. சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பொடிக்கடை_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக இதே வேலை. ஆடிட்டரிடம் போனோம், கம்போசிஷனிலிருந்து வெளியே வந்துவிட்டேன், பெங்களூர் பார்சலுக்கான கணக்கையும் சேர்த்து முடித்தாயிற்று, நினைத்த அளவு பெரிய தொகை இல்லை. வெப்சைட் அடியில் இப்போது என் பெயர், ப்ரொப்ரைட்டர் என்ற சொல், கடை முகவரி, ஜிஎஸ்டி எண், எஃப்எஸ்எஸ்ஏஐ எண், தனி சிம் நம்பர், "குறைகளுக்கு" என்று மறுபடியும் என் பெயரே. பார்க்க வேடிக்கையாக இருக்கிறது. கேட்வே மூன்றாவது தடவை ஒப்புக்கொண்டது. பழைய பில் புத்தகம் நான்கு கட்டு மீதி, பால் கணக்கு எழுத எடுத்து வைத்திருக்கிறேன். யாராவது ஒரு தடவை சைட்டைப் பார்த்துச் சொல்லுங்களேன்.

மொத்த_வியாபாரி

பார்த்தேன் மேடம். எல்லாம் சரி. ஷிப்பிங் பக்கத்தில் கடைசி வரியில் "பிளவுஸ் பிட் சேலையோடு சேர்த்தே அனுப்பப்படும்" என்று இன்னும் இருக்கிறது.